இரண்டாம் பாகம் இரண்டு

அவைக்கு வணக்கம். ஜப்பானியப் பேய்ப்படங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். முதல் பாகங்களைப் பற்றி ஊரே பேசிவிட்டது, நான் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்றார்கள். எந்த இரண்டாம் பாகம் என்று யாரும் கேட்கவில்லை. 'ரிங்' படத்துக்கு இரண்டாம் பாகம் இரண்டு இருக்கிறது, அதுதான் சங்கதி.

1998 ஜனவரி 31. ஜப்பானில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படங்கள் வெளியாயின. ஒன்று ஹிடியோ நகாட்டா இயக்கிய 'ரிங்', மற்றது ஜோஜி ஈடா இயக்கிய 'ராசென்'. இரண்டுமே கோஜி சுசுகியின் நாவல்கள். கதைப்படி ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று. முதல் பாகமும் அடுத்த பாகமும் ஒரே நாளில்! ஜனங்கள் 'ரிங்'கைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். 'ராசெ'னைச் சீந்த ஆளில்லை. தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அப்படி ஒரு படம் வரவேயில்லை என்பதுபோல் இருந்துவிட்டு, அடுத்த ஜனவரியிலேயே நகாட்டாவை வைத்து 'ரிங் 2' எடுத்து வெளியிட்டார்கள். இதற்கு நாவல் கிடையாது. திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகாஹாஷி புதுக்கதை பிடிக்க வேண்டியதாயிற்று. சுசுகியின் மூன்றாவது நாவல், முன்கதை எல்லாம் கணினிக்குள் நடந்தவை என்று எங்கோ போய்விட்டது. அதில் பேயை எங்கே தேடுவது?

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு வீடியோ கேசட். பார்த்தவர் ஏழு நாளில் சாவார். தப்பிக்க ஒரே வழி, அதை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டுவது. முதல் பாகத்தின் முடிவில் கதாநாயகி ரெய்கோ தன் சின்னப் பையனைக் காப்பாற்ற, வீடியோ டெக்கையும் கேசட்டையும் காரில் வைத்துக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குக் கிளம்புகிறாள். பெற்ற அப்பாவைப் பலி கொடுக்க! கேசட்டில் குடியிருக்கும் பேயான சடாகோ கிணற்றிலிருந்து ஏறிவருவதைவிட எனக்கு இந்தக் கார்ப் பயணம்தான் அதிகம் பயம் தந்தது.

இப்படி முடிந்த கதையை எப்படித் தொடர்வது? இரண்டு படங்களும் எதிரெதிர்த் திசையில் போயின.

'ராசென்' விஞ்ஞானத்தைப் பிடித்தது. மகனைப் பறிகொடுத்த ஆண்டோ என்ற மருத்துவர், முதல் பாகத்தில் செத்த, ரெய்கோவின் முன்னாள் கணவன் ரியூஜியின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்கிறார். சாபம் என்பது ஒரு வைரஸ் என்று தெரியவருகிறது. ரியூஜியின் மாணவி மாய் மூலமாகச் சடாகோ மறுபடி பிறக்கிறாள். யோசனை என்று பார்த்தால் இதுதான் துணிச்சலானது. ஆனால் படம் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். விளக்கம் சொல்லும் இடத்தில் பேய் நிற்காது.

'ரிங் 2' அதே மாயைக் கதாநாயகி ஆக்கியது. நடித்தவரும் அதே மிக்கி நகட்டானிதான். அங்கே சடாகோவுக்குப் பலியாகும் அதே முகம், இங்கே உயிரோடு ரெய்கோவின் பையனைக் காப்பாற்றக் கிணற்றுக்குள் இறங்குகிறது. இந்தப் படத்திலும் கோளாறு உண்டு. ஆவியின் சக்தியை நீச்சல் குளத்துத் தண்ணீரில் இறக்கிவிடப் பார்க்கும் மருத்துவர் வருகிறார். ஒயரும் கருவியுமாக அந்தக் கடைசிப் பகுதி எனக்கு ஒட்டவே இல்லை.

ஆனால் ஓகசாகி வருகிற பகுதி இருக்கிறதே! ஓகசாகி ஒரு செய்தியாளன். சாப கேசட்டைத் தேடி அலையும்போது கனாயே என்ற பள்ளிப் பெண் கிடைக்கிறாள். அவளைப் பேட்டி எடுக்கிறான். நகல் தருகிறேன், என் கெடு முடிவதற்குள் நீங்கள் பார்த்துவிட வேண்டும் என்கிறாள். சரி என்று வாங்கியவன், பயந்துபோய்ப் பார்க்காமல் விட்டுவிடுகிறான். அவள் செத்துப்போகிறாள். அப்புறம் ஒருநாள் அந்தப் பேட்டியை அழிக்க உட்காருகிறான். திரையில் தலைகுனிந்திருக்கும் அவள் தலையை ஆட்டத் தொடங்குகிறாள். முகம் முழுக்கக் கூந்தல். இவன் என்ன செய்தும் படம் நிற்கவில்லை. இந்தக் காட்சியில் சடாகோ இல்லவே இல்லை, கவனித்தீர்களா? கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத ஒருவன், அவன் எதிரே ஒரு திரை, அவ்வளவுதான். சடாகோவின் மண்டையோட்டின் மீது களிமண் அப்பி முகம் செய்வார்கள். அந்தக் களிமண் முகத்தோடு அவள் கிணற்றுச் சுவரில் ஏறிவந்து, நீ மட்டும் எப்படித் தப்பித்தாய் என்று மாயிடம் கேட்பாள். அதுவும் நல்ல காட்சிதான். என்றாலும் என் ஓட்டு ஓகசாகிக்கு.

இனி டிஸ்க்குக்கு வருகிறேன். படம் ஜப்பானைத் தாண்டிப் பரவியதில் டிவிடிக்குப் பெரும்பங்கு உண்டு. பிரிட்டனில் டார்ட்டன் நிறுவனம் ஆசியப் படங்களுக்கென்றே ஒரு வரிசை நடத்தியது. அமெரிக்காவில் 'ரிங் 2' டிவிடி வந்தது 2005-இல். அதே ஆண்டு ஹாலிவுட்டும், தான் மறுபடி எடுத்திருந்த ஆங்கில 'ரிங்'குக்கு ஓர் இரண்டாம் பாகத்தை வெளியிட்டது. அதை இயக்கியவரும் நகாட்டாதான், கதை மட்டும் முற்றிலும் வேறு! போதாததற்கு மண்டல எண் என்ற வேலி: ஜப்பானுக்கு 2, அமெரிக்காவுக்கு 1, நமக்கு 5. ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாது. நகலெடுக்கவும் பூட்டு. யோசித்துப் பாருங்கள், நகலெடுத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்பது கதை. சாபம் கேசட்டில் வந்ததால் ஜனங்கள் தப்பித்தார்கள். முறைப்படி வெளியான டிவிடியில் வந்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

கேசட்டின் காலமும் முடிந்தது: கடைசிவரை வீடியோ டெக் தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் அதை நிறுத்தியது. அந்த ஆண்டு வந்த சடாகோ படத்தில், சாப கேசட் கிடைப்பதே பழைய பொருள் கடையில் வாங்கிய டெக்கில்தான்.

2019-இல் ஆரோ நிறுவனம் ஒரு ப்ளூரே தொகுப்பு வெளியிட்டது. முதல் பாகத்தை மூல நெகட்டிவிலிருந்து 4கே என்ற உயர்தெளிவில் புதுப்பித்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், அந்தப் பெட்டிக்குள் 'ரிங் 2'வும் இருக்கிறது, 'ராசெ'னும் இருக்கிறது. மறைக்கப்பட்ட படமும், அதை மறைப்பதற்கென்றே எடுத்த படமும் பக்கத்துப் பக்கத்தில். திரையரங்கில் தோற்ற படத்துக்கு இப்படி ஒரு மறுவாய்ப்பு டிஸ்க்கால்தான் கிடைத்தது. தோற்றது நியாயமா என்று நாமே போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். நியாயம்தான் என்பது என் கருத்து, சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

பார்க்கிற வரிசையையும் கேட்டார்கள். 'ரிங்', அடுத்து 'ரிங் 2'. சில நாள் விட்டு 'ராசென்'. சடாகோவின் இளமைக்கதையான, 2000-இல் வந்த 'ரிங் 0' கடைசியில். இப்போது ஓகசாகி காட்சியை மட்டும் போடப் போகிறோம். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள், திரை சின்னது.