ஒழுகும் வகுப்பறைக்கு யாரிடம் மனு கொடுப்பது?

[திரையில்: ஓட்டுக் கூரை, கீழே ஒரு வாளி]

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மழை வந்தால் ஒழுகுகிறது. தலைமையாசிரியர் யாருக்கு எழுத வேண்டும்? கல்வித் துறைக்குத்தானே என்பீர்கள். பாதிதான் சரி.

வட்டாரத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பி.இ.ஓ. வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் துறையே வேறு. ஆசிரியரின் விடுப்பும் சம்பளமும் பி.இ.ஓ. பக்கம். கட்டடமோ ஊரக வளர்ச்சித் துறையின் கீழுள்ள ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம், அது பி.டி.ஓ. பக்கம்.

முன்பு ஆசிரியரும் ஒன்றியத்து ஆள்தான். 1981 ஜூன் 1 முதல் அவர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் ஆசிரியர் இந்தப் பக்கம் வந்தார், கூரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

[திரையில்: பெயர்ப்பலகை மாறுகிறது, மறுபடியும் மாறுகிறது]

அப்புறம் கல்வி அலுவலகங்களை இரண்டு முறை மாற்றி அடுக்கினார்கள். 2018இல் அரசாணை 101: தொடக்கக் கல்விக்கென்று இருந்த மாவட்ட அலுவலர் பதவி போய், தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை ஒரே மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ் வந்தன. 2022இல் அரசாணை 151: தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என்று மறுபடி பிரித்தார்கள். நான்கே ஆண்டில் சேர்ந்து, பிரிந்து! ஆய்வுக்கு யார் வருவார் என்பது இதில் மாறியது. கூரைக்கு மதிப்பீடு போடும் ஒன்றியப் பொறியாளர் இரண்டு அரசாணையிலும் இல்லை.

சரி, பணம்? 2022-23 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய், 18,000 வகுப்பறைகள் என்பது இலக்கு. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2021 டிசம்பரில், நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2004இல் கும்பகோணம் தீயில் 94 குழந்தைகள் போன பிறகுதான் கூரைக் கொட்டகைகள் மீது கை வைத்தோம். நம் ஊரில் கட்டடக் கோப்பு வேகமாக நகர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்பதற்கு அடிப்படை, பள்ளிகள் ஆண்டுதோறும் தங்கள் விவரங்களை நிரப்பி அரசுக்குத் தரும் யூடைஸ் படிவம். நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று வகுப்பறைகளை எண்ணி எழுத வேண்டும். ஒழுகும் அறையை ‘நல்ல நிலை’ என்று போட்டுவிட்டால், மேலிடத்துக் கணக்கில் அந்த ஒழுகல் இல்லை.

[திரையில்: மரத்தடியில் கூட்டம்]

பெற்றோருக்கும் இதில் ஒரு பிடி உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் அந்தக் குழுதான். அடுத்த கூட்டத்தில் போன முறை நிரப்பிய யூடைஸ் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூரை பற்றித் தீர்மானம் போட்டால் இரண்டு நகல் எடுங்கள்: ஒன்று பி.இ.ஓ.வுக்கு, இன்னொன்று பி.டி.ஓ.வுக்கு. இரண்டிலும் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்காமல் வர வேண்டாம்.