தாழ்ப்பாள் யாருக்குப் போடப்பட்டது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அந்நியரை உள்ளே விடாமல் ஜப்பானும் கொரியாவும் நாட்டைப் பூட்டி வைத்த கதவடைப்புக் கொள்கை கிழக்காசியாவைக் கெடுத்தது என்பதே எங்கள் கட்சி.

எதிரணி நண்பர் சற்றுமுன், “திருடன் நடமாடும் தெருவில் கதவைச் சாத்தியவனையா குறை சொல்கிறீர்கள்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். திருடன் நடமாடியது உண்மைதான். பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் பிடியில் கிடந்ததையும், 1637இல் ஜப்பானின் ஷிமபாராவில் கிறிஸ்தவ உழவர்கள் கிளர்ந்தெழுந்ததையும் கண்ட, ஜப்பானை ஆண்ட தோக்குகவா ஆட்சி அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கிளர்ச்சிக்கு முன்பே வந்த 1635ஆம் ஆண்டு ஆணை என்ன சொன்னது? ஜப்பானியர் எவரும் வெளிநாடு செல்லக்கூடாது; சென்றவர் திரும்பினால் மரண தண்டனை. திருடனுக்காகச் சாத்திய கதவு, பெற்ற பிள்ளைக்கும் ஏன் திறக்கவில்லை?

அப்படி வாசலில் நின்ற ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டோகிச்சி. 1832இல் எடோ (இன்றைய டோக்கியோ) நகருக்கு அரிசி ஏற்றிச் சென்ற ஹோஜுன்மாரு கப்பலில் இருந்த 14 பேரில், பதின்ம வயதைத் தாண்டாத அவனும் ஒருவன். புயலில் சிக்கிய கப்பல் 14 மாதங்கள் பசிபிக்கில் மிதந்து வட அமெரிக்கக் கரையில் ஒதுங்கியபோது, மூவர் மட்டுமே உயிரோடிருந்தனர். லண்டன் வழியாகச் சீனக் கரையிலுள்ள மக்காவ் வந்து சேர்ந்த அம்மூவரையும், அவர்களைப் போலவே கடலில் திசை தப்பிய வேறு நால்வரையும் 1837இல் மோரிசன் என்ற அமெரிக்கக் கப்பல் ஏற்றிச் சென்றது. சண்டைக்கு வரவில்லை என்று காட்டுவதற்காகத் தன் பீரங்கிகளையே கழற்றி வைத்துவிட்டு வந்த கப்பல் அது. எடோ விரிகுடாவின் வாயிலில், உராகாவில், சில ஆண்டுகளுக்குப் பின் தாய்மண்ணைக் கண்ணால் கண்டு நின்ற அந்தப் பிள்ளைகளைக் கரையிலிருந்து பீரங்கிக் குண்டு வரவேற்றது. தெற்கே ககோஷிமாவுக்குப் போனார்கள், அங்கும் குண்டுதான்.

நண்பரே, நிராயுதபாணிக் கப்பலை விரட்டிய அந்தப் பீரங்கி, 1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் நான்கு போர்க்கப்பல்கள் அதே உராகாவுக்கு வந்தபோது என்ன செய்தது? அடுத்த ஆண்டே துறைமுகங்கள் திறந்தன. 1858இல் தன் சுங்க வரியைத் தானே விதிக்கும் உரிமையும் ஜப்பானின் கையை விட்டுப் போயிற்று. கொரியாவுக்கும் 1876இல் இதே கதிதான், அதுவும் ஜப்பானின் கையாலேயே.

ஒட்டோகிச்சி ஷாங்காயில் குடும்பம் நடத்தி, 1867இல் சிங்கப்பூரில் கண் மூடினார். அவருடைய ஒனோவுரா கிராமத்தாரோ, கடலுக்குப் போன 14 பேரும் மாண்டதாகவே எண்ணிக் கல்லில் பெயர் பொறித்து வைத்திருந்தார்கள். அந்தக் கல் நிற்கும் ஊருக்கு அவருடைய சாம்பலில் ஒரு பகுதி 2005இல்தான் வந்து சேர்ந்தது. அரிசிக் கப்பலில் புறப்பட்ட சிறுவன் வீடு திரும்ப 173 ஆண்டுகள் ஆயின, நடுவர் அவர்களே.