மூச்சு வாங்குதா? முதல்ல வேகத்தக் கொறைங்க

வணக்கம் நேயர்களே. புதுசா ஓட ஆரம்பிச்சிருக்கவங்களுக்காக, இல்ல ஷூவ மட்டும் வாங்கி வச்சுட்டு வர்ற திங்கக்கிழமைலருந்து கண்டிப்பா போயிடணும்னு நெனச்சுட்டு இருக்கவங்களுக்காக, மூச்சப் பத்திப் பேச முடியுமான்னு வானொலி நிலையத்துல கேட்டாங்க. ரொம்ப சந்தோஷமா ஒத்துக்கிட்டேன், ஏன்னா சென்னைல பீச் பக்கம் புதுசா ஓட வர்றவங்கள கூடவே கூட்டிட்டு ஓடுறதுதான் என் வேலை, அவங்க எல்லாரும் முதல் நாளே கேக்குறது இதத்தான், "மூச்சு வாங்குதுங்க, எப்படி மூச்சு விடணும்னு சொல்லிக் குடுங்க."

கேக்கும்போதே பாதி பேர் மனசுல ஒரு முடிவோட வர்றாங்க. எனக்கு தம் இல்ல, என் லங்ஸ் வீக்கு, சின்ன வயசுல வெளையாடாம விட்டுட்டேன், இனிமே நமக்கு இதெல்லாம் வராது அப்படின்னு. ரெண்டு லைட்டு கம்பம் தாண்டுறதுக்குள்ள மூச்சு முட்டுது, நிக்கிறாங்க, பக்கத்துல போறவங்க பாக்குறாங்களோன்னு கூச்சமாயிடுது, மறுநாள் வர்றதில்ல. இப்படி விட்டுட்டுப் போனவங்கள நெனச்சா எனக்கு நெஜமாவே கஷ்டமா இருக்கும், ஏன்னா அவங்க நுரையீரல்ல பெரும்பாலும் ஒரு கோளாறும் கெடையாது.

சும்மா உக்காந்திருக்கும்போது நாம நிமிஷத்துக்கு சுமாரா 12லருந்து 16 தடவ மூச்சு விடுறோம், ஒரு தடவைக்கு அரை லிட்டர் காத்து, மொத்தத்துல 6லருந்து 8 லிட்டர். வேகமா ஓடும்போது அதே நுரையீரல் நிமிஷத்துக்கு 100 லிட்டருக்கு மேலயும் காத்த இழுத்து வெளிய தள்ளும். அவ்வளவு இடம் உள்ள சும்மா இருக்கு. தயாராகாம இருக்கறது இதயமும் கால் தசையும்தான், அதுங்களுக்குப் பழக சில வாரம் ஆகும், பழகிட்டா அதே தூரம் அதே வேகம் ஓடினாலும் மூச்சு தானா அடங்கும்.

இன்னொரு விஷயம், மூச்சு முட்டும்போது ஆக்சிஜன் பத்தலன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. கொரோனா நேரத்துல வாங்கின ஆக்சிமீட்டர் வீட்ல இருந்தா ஓடிட்டு வந்து கொஞ்சம் நின்னு விரல்ல மாட்டிப் பாருங்க, ஆரோக்கியமா இருக்கவங்களுக்கு ரத்தத்துல ஆக்சிஜன் பெரும்பாலும் 95 சதவீதத்துக்கு மேலதான் காட்டும். மூச்ச வேகமாக்குறதுக்கு பல காரணம் உண்டு, அதுல பெரிய பங்கு கரியமில வாயுவுக்கு. தசை வேல செய்யச் செய்ய அது ரத்தத்துல சேருது, வேகம் கூடினா அமிலமும் சேர்ந்து இன்னும் அதிகமாகுது, மூளையோட அடிப்பகுதி அத மோப்பம் புடிச்ச மாதிரி கண்டுபிடிச்சு, வெளிய தள்ளு வெளிய தள்ளுன்னு அவசரப்படுத்துது. அதனால உள்ள இழுக்குறதுலயே குறியா இருக்காதீங்க, முழுசா வெளிய விடுங்க, விட்டா உள்ள வர்றது தானா வரும்.

ஆனா எந்த மூச்சு முறையச் சொல்லித் தர்றதுக்கு முன்னாடியும் நான் வேகத்தப் பத்திதான் பேசுவேன். புதுசா ஓடுறவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே தன் சக்திக்கு மேல வேகமா ஓடுறாங்க, பஸ்ஸப் புடிக்க ஓடுற ஓட்டம்தான் ஓட்டம்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஓடிட்டே பக்கத்துல வர்றவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், "நேத்து ராத்திரி எங்க வீட்ல கரண்ட் போயிடுச்சு, ரெண்டு மணிக்குத்தான் வந்துச்சு" அப்படின்னு ஒரே மூச்சுல சொல்ல முடிஞ்சா சரியான வேகம், "நேத்து... ராத்திரி... கரண்ட்டு..." அப்படின்னு உடைஞ்சு உடைஞ்சு வந்தா வேகம் ஜாஸ்தி, கொறைச்சுடுங்க. அது நடக்குறத விட கொஞ்சம்தான் வேகமா இருக்குதேன்னு தோணும், தோணட்டும். வாக்கிங் போற பெரியவர் ஒருத்தர் உங்கள முந்திட்டுப் போனாலும் பரவால்ல.

தனியா ஓடுறவங்க யார்கிட்ட பேசுறதுன்னு கேப்பாங்க, மெதுவா ஒரு பாட்டு பாடிப் பாருங்க, இல்ல பழக்கமான ஒரு ஸ்லோகமோ ஜெபமோ சொல்லிப் பாருங்க, அதுவே போதும்.

நடந்து ஓடி நடந்து ஓடிப் பழகுறதுல எந்தக் கொறச்சலும் இல்ல. கவுச் டு ஃபைவ் கே, அதாவது சோபாலருந்து எழுந்து 5 கிலோமீட்டர் ஓடுறது வரைக்கும், அப்படின்னு ஒரு திட்டம் 1996ல அமெரிக்கால ஜாஷ் கிளார்க்னு ஒருத்தர் போட்டது, இன்னிக்கு உலகம் பூரா அதத்தான் ஃபாலோ பண்றாங்க. முதல் வாரம் அதுல என்னன்னா, 5 நிமிஷம் வேகமா நடக்கணும், அப்புறம் 60 செகண்ட் ஓட்டம், 90 செகண்ட் நடை, இதையே மாத்தி மாத்தி 20 நிமிஷம். அவ்வளவுதான். வாரா வாரம் ஓட்டத்தக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டே போனா, 9 வாரம் கழிச்சு 30 நிமிஷம் நிக்காம ஓடலாம். அந்த ஆரம்ப 5 நிமிஷ நடைய மட்டும் யாரும் தள்ளிடாதீங்க, ஏன்னா ஓட ஆரம்பிச்ச உடனே தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் முழு அளவுக்கு வந்து சேர ரெண்டு மூணு நிமிஷம் ஆகுது, அதுவரைக்கும் உடம்பு கடன் வாங்கித்தான் ஓடும், அந்த ரெண்டு நிமிஷத்துலதான் நெறைய பேர் "எனக்கு முடியல"ன்னு நின்னுடுறாங்க.

சரி, மூக்கா வாயா? ஸ்கூல்ல பிடி மாஸ்டர் "வாய மூடு, மூக்காலயே இழு, மூக்காலயே விடு"ன்னு கத்தினது நம்ம தலமுறைக்கு இன்னும் காதுலயே இருக்கு. மூக்கு நல்லதுதான், தூசிய வடிகட்டும், காத்த ஈரமாக்கி உள்ள அனுப்பும், நடக்கும்போதும் ரொம்ப மெதுவா ஓடும்போதும் மூக்கே போதும். ஆனா நிமிஷத்துக்கு சுமாரா 35, 40 லிட்டர் காத்து தேவப்பட ஆரம்பிச்சதும் பெரும்பாலான ஆளுங்களுக்கு வாய் தானா தெறந்துக்கும், அது உடம்போட இயல்பு. அத வேணும்னே மூடி வச்சா அந்தக் குறுகலான வழில காத்த இழுக்குறதுக்கே கூடுதல் உழைப்பு. வாயையும் மூக்கையும் ரெண்டையும் தெறந்து விடுங்க, தாடைய தளர்த்தி வைங்க.

சத்தம் வருதேன்னும் கூச்சப்படாதீங்க. எமில் சாட்டோபெக்குனு செக் நாட்டுக்காரர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூணுலயும் தங்கம் வாங்கினவர், அவர் ஓடும்போது தலை ஆடும், முகம் கோணும், மூச்சிரைக்கிற சத்தம் பக்கத்துல ஓடுறவங்களுக்குக் கேக்கும், அதனாலயே அவர செக் ரயில் எஞ்சின்னு கூப்பிட்டாங்க.

இப்ப வயித்து மூச்சு. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு தசை இருக்கு, உதரவிதானம்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. அது கீழ இறங்கினாத்தான் நுரையீரலோட அடிப்பகுதி வரைக்கும் காத்து போகும், அது இறங்கும்போது வயிறு முன்னாடி தள்ளும். நாம என்ன பண்றோம், ரோட்ல ஓடும்போது தொப்ப தெரியக் கூடாதுன்னு வயித்த உள்ள இழுத்துப் புடிச்சுக்கிறோம், தோள தூக்கித் தூக்கி நெஞ்சு மேல மட்டும் சின்னச் சின்னதா மூச்சு விடுறோம். ஒவ்வொரு மூச்சுலயும் சுமார் 150 மில்லி காத்து தொண்டைலயும் குழாய்லயும் மட்டும் நின்னுட்டு ரத்தத்தத் தொடாமலே திரும்பி வந்துடும். 300 மில்லி இழுத்தா பாதி வேஸ்ட், ஒரு லிட்டர் இழுத்தா வேஸ்ட் ஆகுறது கொஞ்சம்தான். அதனால வேக வேகமா மேல் மூச்சு விடுறவங்க எவ்வளவு விட்டாலும் பத்தாது பத்தாதுன்னே இருக்கும்.

இத ஓடும்போது கத்துக்க முடியாது. ராத்திரி படுக்கும்போது மல்லாந்து படுத்து, ஒரு கைய வயித்து மேல, இன்னொரு கைய நெஞ்சு மேல வச்சு, வயித்துல இருக்க கை மட்டும் ஏறி இறங்குற மாதிரி ஒரு அஞ்சு நிமிஷம் பண்ணுங்க, அது வந்தப்புறம் உக்காந்து, அப்புறம் நடக்கும்போது, கடைசிலதான் ஓட்டத்துல. பெண்களுக்கு ஒண்ணு சொல்றேன், சல்வார் நாடாவ இறுக்கிக் கட்டிட்டு ஓடாதீங்க, ஸ்போர்ட்ஸ் பிரா விலாவ நெரிக்கிற அளவு சின்ன சைஸ்ல வாங்காதீங்க, முழு மூச்சு இழுக்க முடியுதான்னு கடைலயே போட்டுப் பாருங்க. இத யாரும் வெளிய சொல்றதில்ல, ஆனா நெறைய பேருக்கு பிரச்சனையே இங்கதான் இருக்கு. ஆம்பளைங்களுக்கும் ட்ராக் பேன்ட் எலாஸ்டிக் அதே கததான்.

அடுத்தது தாளம், எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. குதிரை பாய்ச்சல்ல ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான், அதோட உடம்பு அமைப்பு அதுக்கு மேல விடாது. மனுஷன் ரெண்டு கால்ல நிமிந்து ஓடுறதால நமக்கு அந்தக் கட்டு இல்ல, 1983ல பிராம்பிள், கேரியர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இத சயின்ஸ் பத்திரிகைல எழுதினாங்க, நாலு அடிக்கு ஒரு மூச்சு, ஆறு அடிக்கு ரெண்டு மூச்சுன்னு பல கணக்குல மனுஷன் மாத்தி மாத்தி ஓடுறான், பழகின ஓட்டக்காரங்க தன்னால ஏதோ ஒரு கணக்குல போய் உக்காந்துடுறாங்க. புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, மெதுவா ஓடும்போது மூணு அடிக்கு இழுங்க, மூணு அடிக்கு விடுங்க. நிமிஷத்துக்கு 160 அடி வச்சா சுமார் 27 மூச்சு வரும். கொஞ்சம் வேகம் கூடினா ரெண்டுக்கு இழுத்து ரெண்டுக்கு விடுங்க, அது 40 மூச்சு. நடுவுல மூணுக்கு இழுத்து ரெண்டுக்கு விடுறதும் நெறைய பேருக்கு ஒத்து வருது, அதுக்கு மனசுக்குள்ள "தகிட தக, தகிட தக"ன்னு சொல்லிட்டே ஓடுங்க, தகிடல இழு, தகல விடு, கால் தானா அதுல வந்து விழும். இதனால காயமே வராதுன்னு சிலர் சொல்லுவாங்க, அதுக்கு உறுதியான ஆதாரம் கெடையாது, ஆனா மனசு அலையாம இருக்கும், வேகம் கூடிட்டா தாளம் உடனே உடைஞ்சு காட்டிக் குடுத்துடும். எண்ணுறதே தலவலியா இருக்கவங்க விட்டுடுங்க, கட்டாயம் இல்ல.

சடுகுடு ஆடினவங்க சில பேர் தம் கட்டி ஓடுவாங்க. கோட்டத் தாண்டிப் போய் தொட்டுட்டு வர்ற அந்த அரை நிமிஷத்துக்கு அது சரி, நெடுந்தூர ஓட்டத்துல வேண்டாம். பிராணாயாமத்துல மூச்ச உள்ள நிறுத்துறதும் உக்காந்து பண்றதுக்கானது, ஓடும்போது கலக்காதீங்க.

விலாவுல சுருக்குனு குத்துதே, அது ஏன்னு இன்னும் யாராலயும் முழுசா சொல்ல முடியல. வயிறு நெறய சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஓடினாலும், ஓடுறதுக்கு முன்னாடி ஜூஸ் மாதிரி இனிப்பா குடிச்சாலும் ஜாஸ்தி வருது. வந்தா வேகத்தக் கொறைச்சு நடங்க, குத்துற எடத்த விரலால அழுத்திட்டு லேசா முன்னாடி சாஞ்சு, உதட்டக் குவிச்சு சூடான காபிய ஊதுற மாதிரி நீளமா வெளிய விடுங்க, கொஞ்ச நேரத்துல போயிடும்.

ஓடி முடிச்சதும் குனியாத, கைய தலைல வைன்னு சொல்லுவாங்க. 2019ல அமெரிக்கால கால்பந்து ஆடுற பெண்கள வச்சு சோதிச்சுப் பாத்தாங்க, முட்டில கை வச்சுக் குனிஞ்சவங்களுக்குத்தான் இதயத்துடிப்பு சீக்கிரம் இறங்குச்சு. தல சுத்தாத வரைக்கும் தாராளமா குனிங்க, அப்புறம் நடங்க.

நம்ம ஊர் காத்தப் பத்தியும் சொல்லணும். சென்னைல மே மாசம் காலைல ஆறு மணிக்கே பிசுபிசுன்னு இருக்கும், வேர்வ காயாது, காயாட்டி உடம்பு குளிராது, ரத்தத்துல ஒரு பங்கு தோலுக்குப் போயிடுது, ஜனவரில சுலபமா ஓடின அதே வேகத்துக்கு இதயம் கூடுதலா அடிக்கும், மூச்சும் வாங்கும். அந்த மாசம் வேகத்தப் பாக்காதீங்க, மூச்ச மட்டும் பாத்து ஓடுங்க. போகி அன்னிக்குக் காலைலயும் தீபாவளிக்கு மறுநாள் காலைலயும் தயவு செஞ்சு வெளிய ஓடாதீங்க, அவ்வளவு பொக.

இப்ப சொல்லப் போறது இதெல்லாத்தையும் விட முக்கியம். மெதுவாத்தான் ஓடுறேன், நடந்துதான் போறேன், மாடிப் படி ஏறினாலே மூச்சு வாங்குது, எப்பவும் அசதியா இருக்கு அப்படின்னு சொல்ற பெண்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்துப் பிரயோஜனம் இல்ல, ரத்தத்தப் பரிசோதிக்கணும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15லருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! ஆக்சிஜன தூக்கிட்டுப் போறதே ஹீமோகுளோபின்தான், அது கம்மியா இருந்தா நுரையீரல் எவ்வளவு இழுத்து என்ன? கர்ப்பமா இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு கீழ போனா ரத்தசோகைன்னு கணக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாக்கலாம். முருங்கக் கீரை சாப்பிடுங்க, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேத்துக்கோங்க, சாப்பாட்டோட டீ குடிக்காதீங்க, ஆனா கொறஞ்சு போனதுக்கு அப்புறம் கீரை மட்டும் பத்தாது, டாக்டர் குடுக்குற மாத்திரைய முழு கோர்ஸும் போடணும்.

நெஞ்சுல அழுத்தமோ வலியோ வந்தா, வலி தாடைக்கோ இடது கைக்கோ ஓடினா, கண்ணு இருட்டினா, அப்பவே நிறுத்திடுங்க, 108க்கு போன் பண்ணுங்க. 40 வயசு தாண்டி, பிபி சுகர் இருந்து, புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல டாக்டரப் பாத்துட்டு ஷூவ மாட்டுங்க.

ஓடி முடிச்சு அஞ்சு பத்து நிமிஷத்துல விடாம இருமல் வருது, நெஞ்சுல விசில் சத்தம் கேக்குதுன்னா, அது ஓட்டத்தால மூச்சுக் குழாய் சுருங்குறதா இருக்கலாம். அதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு, ஓட்டத்த விட வேண்டியதில்ல. டாக்டர் சொன்னபடி இன்ஹேலர எடுத்துக்கோங்க, பையில வச்சுட்டே வாங்க, கூட ஓடுறவங்ககிட்டயும் சொல்லி வைங்க. 2003ல லண்டன் மாரத்தான 2 மணி 15 நிமிஷம் 25 செகண்ட்ல ஓடி உலக சாதனை பண்ணின பவுலா ராட்கிளிஃபுக்கும் ஆஸ்துமா இருந்துச்சு.

இவ்வளவு நேரம் கேட்டதுக்கு நன்றி. வணக்கம்.