கடிகாரங்களை நிறுத்தும் சீமாட்டி: ‘ரோசன்கவாலியர்’ ஓபெராவின் புதிய மேடையாக்கம்

[திரையில்: மெட்ரோபாலிட்டன் ஓபெரா அரங்கின் முகப்பு]

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபெரா அரங்கில் 1969 முதல் ஒரே மேடையமைப்பில் நடந்துவந்த ‘டெர் ரோசன்கவாலியர்’, 2017 ஏப்ரலில் கனடா நாட்டு இயக்குநர் ராபர்ட் கார்சனின் கையில் புதுக்கோலம் பூண்டது. அதற்கு முந்தைய டிசம்பரில் லண்டனின் ராயல் ஓபெரா ஹவுஸில் அரங்கேறியதும் இதே ஆக்கம்தான். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசையமைத்து, ஹியூகோ ஃபான் ஹோஃப்மன்ஸ்டால் உரை எழுதிய இந்த நகைச்சுவை ஓபெரா, அதாவது பாடலாகவே நடக்கும் இசை நாடகம், 1911 ஜனவரி 26 அன்று டிரெஸ்டனில் முதன்முதலாக மேடையேறியது. அதைக் காண்பதற்கென்றே பெர்லினிலிருந்து சிறப்பு ரயில்கள் விடப்பட்டன.

கதை நிகழும் இடம் 1740களின் வியன்னா. படைத்தளபதியின் மனைவியான மார்ஷலின், கணவர் வேட்டைக்குச் சென்றிருக்கும் வேளையில், ஒக்டேவியன் என்ற இளைஞனுடன் காதலில் இருக்கிறாள். அவளுடைய உறவினனான ஓக்ஸ் பிரபு, பணக்கார வணிகர் ஃபானினாலின் மகள் சோஃபியை மணக்க விரும்பி, நிச்சயத்தின் அடையாளமாக வெள்ளி ரோஜா ஒன்றைக் கொண்டுசெல்ல ஒரு தூதனைத் தேடுகிறான். மார்ஷலின் ஒக்டேவியனைக் கைகாட்டுகிறாள்; ரோஜாவைக் கொடுக்கப் போனவன் சோஃபியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். எஞ்சியதெல்லாம் மாறுவேடமும் குழப்பமும் ஓக்ஸ் அவமானப்படுவதும்தான். ஒக்டேவியனின் பகுதியைப் பாடுவது பெண் குரல் என்பதால், ஆண் வேடமிட்ட பெண் பிறகு கதைக்குள்ளேயே பணிப்பெண் வேடமும் போடுகிறாள். இந்த வேடிக்கை மேடையில் ஒருபோதும் அலுப்பதில்லை.

[திரையில்: முதல் அங்கம், மார்ஷலினின் படுக்கையறை]

ஆனால் ரசிகர்கள் இந்த ஓபெராவை நினைவில் வைத்திருப்பது முதல் அங்கத்தின் பிற்பகுதிக்காக. சிகையலங்காரக் கலைஞர் தன்னைக் கிழவியாக்கிவிட்டார் என்று மார்ஷலின் சலித்துக்கொள்வதில் தொடங்குகிறது அது. காலம் விசித்திரமான ஒன்று, நாம் வாழும்போது அது ஒன்றுமே இல்லாதது போலிருந்து திடீரென்று அதைத் தவிர வேறெதுவும் உணரப்படாமல் போகிறது என்கிறாள். சில இரவுகளில் எழுந்து வீட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் நிறுத்திவிடுவதாகவும் சொல்கிறாள். அந்த வரியின்போது பெரிய வாத்தியக்குழு அடங்கி, யாழும், செலெஸ்டா என்ற சிறு விசைப்பலகை வாத்தியமும் மட்டும் மணியடிப்பது போல ஒலிக்கும்படி ஸ்ட்ராஸ் அமைத்திருப்பது, வார்த்தைக்கு இசை செய்யக்கூடிய மிக நேர்மையான சேவை.

இப்படிப் பேசும் பெண்ணுக்கு என்ன வயது? முப்பத்திரண்டைத் தாண்டாத அழகி என்றுதான் ஸ்ட்ராஸ் அவளைக் கருதினார். ஓக்ஸையும் அவர் முப்பத்தைந்து வயதையொட்டிய நாட்டுப்புற மைனராகத்தான் நினைத்திருந்தார்; ஒக்டேவியனுக்கோ பதினேழு. மேடை வழக்கம் இதை மெல்ல மாற்றி, மார்ஷலினைச் சோகம் ததும்பும் நடுவயதினளாகவும் ஓக்ஸைத் தொப்பை பெருத்த கிழக் கோமாளியாகவும் ஆக்கிவிட்டது. கார்சனின் மேடையில் ஓக்ஸாக வந்த குந்தர் குரோய்ஸ்பெக் அப்போது நாற்பது வயதுக்காரர். கட்டுடலும் படைவீரனின் மிடுக்கும் கொண்ட அந்த ஓக்ஸைக் கண்டு சிரிப்பதற்கு முன் அஞ்சத் தோன்றுகிறது. மார்ஷலினாகப் பாடிய ரெனே ஃப்ளெமிங்குக்கு ஐம்பத்தெட்டு வயது. தமக்குப் பெயர் வாங்கித்தந்த அந்தப் பாத்திரத்திலிருந்து அவர் விடைபெற்றதும் இந்த ஆக்கத்தில்தான். அவர் அழுகையை நாடவில்லை. முதுமை என்பது மார்ஷலினிடம் முகத்தில் விழும் சுருக்கமன்று, மற்றவர்களுக்கு முன்னதாகவே முடிவைக் கண்டுகொள்ளும் அறிவு என்பதை, அவர் நிதானமாகப் பாடிய விதம் உணர்த்தியது.

[திரையில்: இரண்டாம் அங்கம், ஃபானினாலின் மாளிகை]

கார்சன் செய்த பெரிய மாற்றம் காலத்தைப் பற்றியது. கதையை 1740களிலிருந்து எடுத்து, ஓபெரா பிறந்த 1911ஆம் ஆண்டிலேயே, முதல் உலகப்போரின் வாசலில் நிறுத்தினார். 1740களில், அரசி மரியா தெரேசா காலத்து வியன்னாவில் இல்லாத வால்ட்ஸ் நடனத்தை ஸ்ட்ராஸ் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார். இடமாற்றத்தில் அந்த முரண் தானாகவே கரைந்துவிடுகிறது. ஃபானினால் இங்கே ஆயுத வணிகர், அவருடைய வரவேற்பறையில் பீரங்கிகள் நிற்கின்றன. இது இயக்குநரின் கற்பனை மட்டும் அன்று. படைகளுக்குச் சரக்கு வழங்கிச் செல்வம் சேர்த்தவர் என்று மூல உரையே ஃபானினாலை அறிமுகப்படுத்துகிறது. பெரும்பாலான மேடைகள் அதைக் காதில் வாங்காமல் விட்டிருந்தன.

ஆயினும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். புல்லாங்குழலும் செலெஸ்டாவும் யாழும் தனி வயலின்களும் சேர்ந்து குளிர்ந்து மின்னும் அந்த வெள்ளி ரோஜாக் காட்சியில், இருவர் ஒருவரையொருவர் முதன்முறை பார்க்கும் கணத்தில், பீரங்கிகள் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. எண்ணெய் பூசிய பீரங்கிக்கும் பாரசீக அத்தர் தெளித்த ரோஜாவுக்கும் இடையிலான முரணை ஒருமுறை காட்டினால் போதாதா?

கார்சனின் மேடையில் மூன்றாம் அங்கம் விலைமாதர் விடுதியில் நடக்கிறது. அந்த ஆரவாரத்தை விரைவாகக் கடந்துவிடலாம். அதன் முடிவில் வரும் மூவர் பாடலில், மார்ஷலின் தன் காதலனை இளையவளுக்கு விட்டுக்கொடுக்கிறாள். இன்றோ நாளையோ இவன் போய்விடுவான் என்று முதல் அங்கத்தில் அவள் சொன்னது, அவள் எதிர்பார்த்ததைவிட விரைவாகவே பலித்துவிடுகிறது. சற்றுமுன் பணிப்பெண் வேடத்தில் ஒக்டேவியன் ஓக்ஸை ஏய்க்கப் பாடிய கேலி வால்ட்ஸின் மெட்டிலிருந்தே ஸ்ட்ராஸ் இந்தப் பாடலின் இசையைக் கடைந்தெடுத்தார். 1949இல் அவருடைய இறுதிச் சடங்கில் பாடப்பட்டதும் இதுவே.

[திரையில்: இறுதிக் காட்சி]

மூல உரையில், சோஃபி தவறவிட்ட கைக்குட்டையை ஒரு சிறுவன் எடுத்துக்கொண்டு ஓடுவதோடு திரை விழும். கார்சனோ காதலர்களுக்குப் பின்னால் போர்க்களத்துச் சிப்பாய்களைக் கொண்டுவருகிறார். 1911இல் பதினேழு வயதான ஒக்டேவியன், 1914இல் இருபது வயதில் சீருடை அணிந்தாக வேண்டியவன். தன் காலம் கழிகிறதே என்று மார்ஷலின் கடிகாரத்தை நிறுத்திக்கொண்டிருக்க, உண்மையில் காலம் குறைவாக எஞ்சியிருப்பது அவளைவிட இளையவனுக்கு என்றாகிறது. பீரங்கிகள் ரோஜாக் காட்சிக்கு இடைஞ்சலாக இருந்தபோதும், இந்த ஒரு திருப்பத்துக்காக அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.