போர்க்காலச் சட்டமும் வியன்னா நாடாளுமன்றமும்

நேயர்களுக்கு வணக்கம்.

1914 முதல் 1945 வரையிலான ஐரோப்பா என்றதும் நம் மனதில் என்ன வருகிறது? ஹிட்லர், முசோலினி, பதுங்குகுழி, டாங்கி, குண்டுவீச்சு. பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதான்: முதல் உலகப் போருக்கான காரணங்கள் யாவை, ஐந்து மதிப்பெண். கல்லூரியில் நானும் இதைத்தான் வருடக்கணக்கில் நடத்தினேன். ஆனால் என்னை விடாமல் துரத்திய கேள்வி வேறு. 1918-ல் போர் முடிந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் நாடு நாடாக நாடாளுமன்றம் சாய்ந்தது. 1922-ல் இத்தாலி, 1926-ல் போலந்தும் லிதுவேனியாவும், 1929-ல் யூகோஸ்லாவியா, 1933-ல் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், 1934-ல் எஸ்டோனியா, லாட்வியா, பல்கேரியா, 1936-ல் கிரீஸ். போலந்தில் மூன்று நாள் தெருச்சண்டை நடந்தது, அது உண்மை. மற்ற பல இடங்களில் காரியம் காகிதத்திலேயே முடிந்துவிட்டது.

இத்தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோம் நகரை நோக்கி முசோலினியின் கட்சிப் படையான கருஞ்சட்டைக்காரர்கள் மழையில் நனைந்துகொண்டு போனார்கள். அவர் எங்கே இருந்தார்? மிலான் நகரில். அவசரநிலை ஆணையைத் தயார் செய்து பிரதமர் ஃபக்தா அரசரிடம் நீட்டினார்; மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போட மறுத்தார். அப்புறம் முசோலினி படுக்கை வசதியுள்ள இரவு ரயிலில் ஏறி, அக்டோபர் 30 காலையில் ரோமில் வந்து இறங்கினார். அரசர் அவரையே பிரதமராக்கினார்.

சரி, நான் சொல்ல வந்தது ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் கதை. இதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று என் மாணவர்கள் கேலி செய்வார்கள், பரவாயில்லை.

1933 மார்ச் 4, சனிக்கிழமை. ஆஸ்திரிய ரயில்வேயில் கையில் பணமில்லை. அந்த மாதச் சம்பளத்தை மூன்று தவணையாகத் தருவோம் என்றது நிர்வாகம். மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தொழிலாளர்கள் மார்ச் 1-ந் தேதி இரண்டு மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். அவர்களைத் தண்டிக்கலாமா கூடாதா என்று விவாதிக்கத்தான் நாடாளுமன்றம் கூடியது.

வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசம், 81-க்கு 80. அரசு தோற்றது. சீட்டுகளைப் பார்த்தால் இரண்டில் ஒரே உறுப்பினரின் பெயர்! ஒருவர் தவறுதலாகப் பக்கத்து உறுப்பினரின் சீட்டைப் போட்டுவிட்டார். செல்லும், செல்லாது என்று ஒரே கூச்சல். அவைத்தலைவர் கார்ல் ரென்னர் எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். தலைவர் நாற்காலியில் இருந்தால் வாக்களிக்க முடியாது. ஆகவே ராஜினாமா செய்து, கீழே இறங்கித் தன் கட்சிக்கு ஒரு வாக்கைச் சேர்க்கப் பார்த்தார். இரண்டாவது தலைவர் ராமெக் ஆளுங்கட்சிக்காரர். அவரும் ராஜினாமா. மூன்றாவது தலைவர் ஷ்ட்ராஃப்னர் இன்னொரு கட்சி. அவரும் ராஜினாமா!

இப்போது கூட்டத்தை முடித்துவைக்கக்கூட ஆளில்லை. நம் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் தலைவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால், டீ குடித்துவிட்டு எல்லோரும் கலைவோமே, அதே மாதிரி உறுப்பினர்கள் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிரதமர் டோல்ஃபுஸ் விடுவாரா? நாடாளுமன்றம் தன்னைத்தானே ஒழித்துக்கொண்டது என்று அறிவித்தார். மார்ச் 15-ந் தேதி ஷ்ட்ராஃப்னர் மறுபடி அவையைக் கூட்டப் பார்த்தபோது கட்டடத்தில் போலீஸ் நின்றது.

இங்கேதான் நேயர்கள் காது கொடுக்க வேண்டும். நாடாளுமன்றம் இல்லாமல் டோல்ஃபுஸ் எந்தச் சட்டத்தை வைத்து ஆண்டார்? புதிதாக எதையும் எழுதவில்லை. 1917-ல், போர் நடுவில், மக்களுக்குச் சோறு கிடைக்காமல் தவித்த காலத்தில், பொருளாதார விஷயங்களில் அரசே நேரடியாக ஆணை போடலாம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். சக்கரவர்த்தி போனார், சாம்ராஜ்யம் உடைந்தது, குடியரசு வந்தது. அந்தச் சட்டம் மட்டும் ரத்தாகாமல் இருந்தது. பதினாறு வருடம் கழித்து, உணவுப் பஞ்சத்துக்காகப் போட்ட அதே சட்டத்தைக் காட்டித்தான் பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் வியன்னாவில் தொழிலாளர் குடியிருப்புகள் மீது ராணுவம் பீரங்கியால் சுட்டது.

திரும்பவும் சொல்கிறேன்: சட்டம் 1917-ல் வந்தது, சர்வாதிகாரி 1933-ல் வந்தார். ரௌலட் சட்டம் நமக்குத் தெரியும். போர்க்காலத்துக்கு என்று கொண்டுவந்த அதிகாரங்களைப் போர் முடிந்த பிறகும் வைத்துக்கொள்ள, 1919-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்தது. காந்தி அதை எதிர்த்து நாடு முழுக்கக் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தார். வியன்னாவில் போர்க்காலச் சட்டம் போர் முடிந்த பிறகும் அப்படியே நீடித்தது.

ஜெர்மனிக் கதை உங்களுக்குத் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வியன்னாவில் இது நடந்த அதே மாதம் 23-ந் தேதி, பெர்லினில் ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் மசோதா. ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்டுகளை உள்ளேயே விடவில்லை. அவையைச் சுற்றி ஹிட்லர் கட்சிப் படையான பழுப்புச்சட்டைக்காரர்கள் நிற்க, சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். போர்க்களத்துப் படங்களை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். என்னைக் கேட்டால், மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பேச்சைத்தான்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஸ்பெயினில் மூன்று வருட உள்நாட்டுப் போர், அதன் பிறகு 1975 வரை சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி. போர்ச்சுகலில் சாலசார் பொருளாதாரப் பேராசிரியர். 1928-ல் கணக்கைச் சரிசெய்ய நிதியமைச்சராக வந்தவர் 1968 வரை நகரவில்லை. உடல்நிலை மோசமாகி அவருக்குப் பதில் கயெட்டானோ பிரதமரான பிறகும், சாலசாரிடம் அதை யாரும் சொல்லவில்லை, 1970-ல் இறக்கும்வரை அமைச்சர்கள் வந்து கூட்டம் நடப்பதுபோலப் பாவனை செய்தார்கள் என்று சொல்வதுண்டு. மறுபடி அழைத்தால் அங்கிருந்து தொடங்குகிறேன். வணக்கம்.