தாய்மாமன் மடிக்கு ஆள் எங்க?

நடுவர் அவர்களே, புள்ளைங்க குறைஞ்சுக்கிட்டே போறது நல்லதில்லங்குறதுதான் எங்க அணி. இப்ப பேசிட்டு உக்காந்தாரே எதிரணி அண்ணன், உலகத்துல 800 கோடி பேர் ஆயிட்டோம், இனிமே சோத்துக்கு எங்க போறதுன்னு கேட்டாரு, நீங்களும் கை தட்டுனீங்க. 1960-ல உலகமே 300 கோடிதான், அப்பவும் இதே பயம்தான் காட்டுனாங்க. என்ன ஆச்சு? இந்தா இங்க இருக்குற ஆடுதுறையில ஏடிடி 27 நெல் ரகம் விட்டாங்க, ஐஆர் 8 வந்துச்சு, களத்துல நெல்லு குமிஞ்சுது. இன்னைக்கு கொள்முதல் நிலையத்து வாசல்ல மூட்டை நனையுதேன்னு தார்ப்பாய் தேடிக்கிட்டு நிக்கிறோம். நெல்லுக்குப் பஞ்சமில்லண்ணே, நாத்து நடத்தான் ஆளில்ல. குறுவைக்கு மேற்கு வங்கத்துலேருந்து ரயிலேறி வந்து நட்டுக் குடுக்குறாங்க, நல்லா நடுறாங்க, குறை சொல்லல. ஆனா 2019-21 குடும்பநல சர்வேயில ஒரு பொண்ணுக்கு சராசரி புள்ள நம்ம தமிழ்நாட்டுல 1.8, அவங்க ஊர்ல 1.6, நம்மளவிடக் கம்மி! அவங்களும் வரலேன்னா?

சீனாக்காரன் 1980 வாக்குல ஒரே புள்ளதான்னு கட்டாயப்படுத்துனான், 2016-ல ரெண்டு பெத்துக்கன்னான், 2021-ல மூணுங்குறான், 2022-லேருந்து அங்க ஜனத்தொகை இறங்குமுகம். தென்கொரியாவுல 2023 கணக்குல ஒரு பொண்ணுக்கு சராசரி 0.72, முக்கால் புள்ளகூட இல்லீங்க. ஹங்கேரியில நாலு பெத்த தாய்க்கு வருமான வரியே கிடையாதுன்னாங்க, அதுக்கும் 2.1-ஐ எட்டல, அது இருந்தாத்தான் ஜனத்தொகை குறையாம நிக்கும். வேணாம்னு சர்க்கார் சொன்னா நிறுத்திரலாம், வேணும்னு சொன்னா வந்துருமா? அது வீட்டுக்குள்ள, பெரியவங்க மடியில, உறவுக்குள்ள வளர்ற விஷயம். நான் பழமைவாதிதான், ஒத்துக்கிறேன்.

போன மாசம் எங்க தெருவுல ஒரு காதுகுத்து. ஆசாரி ஊசியோட உக்காந்துட்டாரு, தட்டுல பச்சரிசி, வெத்தலபாக்கு, மொட்டை போட்ட புள்ள வீறிட்டு அழுவுது, "தாய்மாமனக் கூப்புடுங்க"ங்குறாரு. யாரும் எந்திரிக்கல. புள்ளையோட அம்மா வீட்டுக்கு ஒத்தப் பொண்ணு, அண்ணனும் இல்ல தம்பியும் இல்ல. ஆளுக்காளு மூஞ்சியப் பாக்குறாங்க. கடைசில சாமியானா பந்தல் போட வந்த பையனப் புடிச்சு உக்கார வச்சாங்க, அவன் லுங்கிய சரி பண்ணிக்கிட்டு "அக்கா, சீர் எதும் செய்யணுமா"ன்னு பயந்துட்டே கேக்குறான்.

எதிரணி அண்ணனுக்கும் ஒரே பொண்ணுதான், அவரே சொன்னாரு, கெட்டிக்காரப் பொண்ணு, நல்லா இருக்கட்டும். நாளைக்கு பேரனுக்கு காது குத்துறப்ப மடிக்கு ஆள் இல்லேன்னா ஒரு போன் அடிங்கண்ணே, நான் வர்றேன். சீரு மட்டும் நீங்களே வாங்கி வச்சிருங்க.