மீன் மாத்திரை வேறு, வைட்டமின் டி வேறு

வணக்கம் நேயர்களே. "டாக்டர், நான்தான் தினமும் மீன் எண்ணெய் மாத்திரை போடுகிறேனே, அப்புறம் எப்படி வைட்டமின் டி குறையும்?" மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், தோல் முதல் சிறுநீரகம் வரை தாக்கும் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களோடு, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்களோடு வருகிறவர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். மீனின் சதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் இருப்பது ஒமேகா 3 கொழுப்பு. தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய அதில் வைட்டமின் டி இருக்காது. மீன் ஈரல் எண்ணெயில் உண்டு. ஆனால் அதில் வைட்டமின் ஏ-யும் இருக்கிறது. டி வேண்டும் என்று அளவைக் கூட்டினால் ஏ மிஞ்சிப்போய் ஈரலைக் கெடுக்கும். கருவுற்றவர்களுக்கு இன்னும் ஆபத்து, வயிற்றில் வளரும் குழந்தையையே பாதிக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருபவர்கள் லூபஸ் நோயாளிகள். வெயில் பட்டால் நோய் கிளம்பிவிடும் என்பதால் நாங்களே அவர்களை நிழலில் இருக்கச் சொல்கிறோம். தோல் வைட்டமின் டி தயாரிக்க வெயில்தான் வேண்டும். போதாததற்கு, நோயை அடக்க நெடுநாள் எடுக்கும் ஸ்டீராய்டு மருந்து எலும்பை மெலியவைக்கிறது.

அமெரிக்காவில் 25,871 பேரை 5 ஆண்டுகளுக்கு மேல் கவனித்த 'வைட்டல்' ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. தினம் 2000 யூனிட் வைட்டமின் டி எடுத்தவர்களில் 123 பேருக்குப் புதிதாகத் தன்னெதிர்ப்பு நோய் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 155 பேருக்கு. நல்ல செய்திதான். ஆனால் இது நோய் வராமல் காப்பது பற்றியது. வந்த நோயை வைட்டமின் டி குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

சரி, மீன் எண்ணெயால் பயனே இல்லையா? முடக்குவாதத்தில் மூட்டு வலியும் காலை விறைப்பும் கொஞ்சம் குறையும். அதற்குத் தினம் மொத்தம் 3 கிராம் அளவுக்கு இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்புகள் உள்ளே போக வேண்டும், இரண்டு மூன்று மாதம் பொறுக்கவும் வேண்டும். 1000 மில்லிகிராம் என்று எழுதிய சாதாரண மாத்திரையில் இவை இரண்டும் சேர்ந்தே 300 மில்லிகிராம்தான் இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகக் கூடாது.

வைட்டமின் டி-க்கு ரத்தப் பரிசோதனைதான் வழி. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொருள். மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கும். மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.